அடைத்த கதவும் அழிக்காத வரியும்: சி. எஸ். லூயிசின் துயரக் குறிப்புகளில் உணர்ச்சி நேர்மை

முன்னுரை

சமய இலக்கிய ஆய்வுகளில் அடியாரின் உறுதிப்பாடே பெரிதும் பேசப்படுகிறது. இறையன்பு, சரணாகதி, அருளனுபவம் ஆகியவை விரிவாக விளக்கப்படுகின்றன. நம்பிக்கை தளர்ந்து, இறைவன் மீதே சினம் பிறக்கும் இடங்களோ 'பின்னர் நீங்கிய மயக்கம்' என்ற அளவில் சுருக்கமாகக் கடக்கப்படுகின்றன. கிறித்துவ இலக்கியத்தை அணுகும்போதும் இப்போக்கே மேலோங்கி நிற்கிறது. இதனால் ஓர் அடிப்படை வினா எழாமலே போய்விடுகிறது. துன்பத்தின் உச்சத்தில் ஒரு விசுவாசி தன் உள்ளத்தில் உள்ளதை உள்ளவாறே உரைப்பது நம்பிக்கையின் குறைவா, அன்றி அதன் ஒரு கூறா?

இவ்வினாவை ஆராய, ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் (1898-1963) எழுதிய 'எ கிரீஃப் அப்சர்வ்ட்' என்னும் சிறுநூலை எடுத்துக்கொள்கிறோம். 'உற்று நோக்கிய ஒரு துயரம்' என்று இதன் தலைப்பைத் தமிழில் கூறலாம். மனைவியை இழந்த கணவன் எழுதி வைத்த நாட்குறிப்புப் போன்ற இந்நூல் 1961இல் வெளிவந்தது. அதற்கு இருபத்தோர் ஆண்டுகளுக்கு முன்னர், 1940இல், துன்பத்தைப் பற்றியே 'தி பிராப்ளம் ஆஃப் பெயின்' என்னும் தருக்க நூலையும் அவர் எழுதியிருந்தார். ஒரே ஆசிரியர், ஒரே பொருள், ஆனால் முற்றிலும் வேறுபட்ட இரு குரல்கள் என்பதே நம் கவனத்திற்குரியது.

உணர்ச்சி நேர்மை என்பதை உள்ளத்தில் எழுந்ததைக் கொட்டிவிடுதல் என்று பொதுவாகக் கொள்வர். இவ்வரையறை போதாது என்பது நம் கருத்து. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் உறுப்புகளுள் கூற்று, கேட்போர், காலம் ஆகிய மூன்றும் இங்குப் பெரிதும் துணைசெய்கின்றன. ஒரு சொல்லை யார் கூறுகிறார், யாரிடம் கூறுகிறார், எப்போது கூறுகிறார் என்பவற்றைப் பொறுத்தே அதன் பொருள் அமைகிறது. அச்சொல்லின் நேர்மையும் அவ்வாறே அமைகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

கூற்று: பெயர் மறைத்த இரு சந்தர்ப்பங்கள்

லூயிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலும் பின்னர் கேம்பிரிட்ஜிலும் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர். இளமையில் நாத்திகராக இருந்து, பின்னர் கிறித்துவ நம்பிக்கைக்குத் திரும்பியவர். அந்நம்பிக்கைக்காக வாதாடிய எழுத்தாளர் என்ற முறையில் பெரும்புகழ் பெற்றவர். 1956இல் அமெரிக்கக் கவிஞர் ஜாய் டேவிட்மன் என்பாரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அவ்வாண்டிலேயே ஜாய்க்குப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. 1957 மார்ச்சில் மருத்துவமனைப் படுக்கையருகே சமயச் சடங்குடன் அவர்களின் திருமணம் நடைபெற்றது. எவரும் எதிர்பாராத வகையில் நோய் தணிந்து, சில ஆண்டுகள் இருவரும் இல்லறம் நடத்தினர். நோய் மீண்டும் தலைதூக்கியது. 1960 ஜூலை 13ஆம் நாள், நாற்பத்தைந்தாம் வயதில், ஜாய் காலமானார். அதன் பின்னர் வீட்டில் கிடந்த வெற்றுக் குறிப்பேடுகளில் லூயிஸ் எழுதியவையே நான்கு பகுதிகளாக நூலுருப் பெற்றன.

நூல் வெளிவந்தபோது அதில் லூயிசின் பெயர் இல்லை. என். டபிள்யூ. கிளார்க் என்ற புனைபெயரே இருந்தது. முதலெழுத்துகள் இரண்டும் 'யாரென அறியேன்' என்று பொருள்படும் பழைய ஆங்கிலத் தொடரிலிருந்து வந்தவை. மனைவியும் 'எச்' என்ற ஒற்றை எழுத்தாலேயே சுட்டப்படுகிறார். அவருடைய முழுப்பெயரின் முற்பகுதி ஹெலன் என்பதாகும். லூயிஸ் 1963இல் மறைந்த பின்னரே நூல் அவருடைய சொந்தப் பெயரில் வெளியிடப்பட்டது.

பெயரை மறைத்துக்கொண்டு நேர்மையாக எழுதுவது முரண் அன்றோ என்று கேட்கலாம். இதற்கு விடை 1940ஆம் ஆண்டு நூலின் முன்னுரையில் கிடைக்கிறது. அந்நூலையும் பெயரின்றி வெளியிடவே லூயிஸ் விரும்பினார் என்பதை அங்கு அறிகிறோம். துன்பத்தைப் பற்றித் தாம் மெய்யென எண்ணுவதை எழுதினால், தமக்கில்லாத மனத்துணிவு தமக்கு இருப்பதுபோல் தோன்றும் என்றும், எழுதியவர் யாரெனத் தெரிந்தால் அது நகைப்புக்கிடமாகும் என்றும் அவர் அஞ்சினார். அந்நூல் வரிசையின் முறைமைக்கு அது பொருந்தாது என்பதால் வேண்டுகோள் ஏற்கப்படவில்லை.

இவ்விரு சந்தர்ப்பங்களையும் அருகருகே வைத்து நோக்குவது பயன் தரும். 1940இல் தம்மினும் துணிவுடையவராகத் தோன்றிவிடக் கூடாது என்பதற்காகப் பெயரை மறைக்க எண்ணினார். 1961இல் அவர் பெயரை மறைத்ததற்கான காரணத்தை நூல் கூறவில்லை. ஆயினும் அதன் உள்ளடக்கத்தைக் கொண்டு நாம் ஒன்றை உய்த்துணரலாம். நம்பிக்கையின் காவலர் என்று வாசகர்கள் அறிந்திருந்த பெயரைத் தாங்கியவாறு இறைவனைக் கொடுமையாளனோ என்று கேட்டிருந்தால், அப்பெயரின் புகழ் அவ்வினாவை விழுங்கியிருக்கும். வாசகர் துயரத்தைப் படிப்பதை விட்டு, 'லூயிசுமா இப்படி எழுதினார்' என்று வியப்பதிலேயே நின்றிருப்பர். ஆகவே புனைபெயர் கூற்றுக்கு உரியவரை மாற்றியமைக்கிறது. அறிஞர் விலகி, துணையை இழந்த ஒரு மனிதர் பேசத் தொடங்குகிறார். முதல் நூல் தருக்க நிலையில் மட்டுமே சிக்கலைத் தீர்க்க முயல்வதாகவும், பொறுமையைக் கற்பிக்கும் தகுதி தமக்கில்லை என்றும் லூயிஸ் முன்னரே வரையறுத்துக் கூறியிருந்ததை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். எனவே முதல் நூல் பொய், இரண்டாம் நூல் மெய் என்று தீர்ப்பளிப்பது பொருந்தாது. முதல் நூல் விட்டுவைத்த இடத்திலிருந்தே இரண்டாம் நூல் தொடங்குகிறது.

காலம்: மூன்று முறை வரும் கதவு

இந்நூலில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படுவது முதற்பகுதியிலுள்ள கதவு உருவகமாகும். மகிழ்ச்சியில் இறைவனிடம் செல்வோர்க்கு வரவேற்பு உண்டு. வேறு துணை எதுவுமின்றி அவரை நாடும் வேளையிலோ கதவு முகத்திற்கு நேரே அறைந்து மூடப்படுவதையும், உள்ளே தாழிடப்படுவதையும் உணர்வதாக லூயிஸ் எழுதுகிறார். இவ்விடத்தை மட்டும் எடுத்துக்காட்டி, லூயிஸ் நம்பிக்கை இழந்தார் என்பாரும் உளர். எவ்வளவு வெளிப்படையானவர் என்று போற்றுவாரும் உளர். இரு சாராரும் அக்கதவு மீண்டும் வருவதைக் கருதுவதில்லை.

மூன்றாம் பகுதியில் கதவு இரண்டாம் முறை வருகிறது. அது இப்போது தாழிடப்பட்டிருப்பதாகத் தோன்றவில்லை என்கிறார். தம்முடைய வெறிகொண்ட தேவையே அதனை மூடியிருக்கக் கூடுமோ என்று ஐயுறுகிறார். நீரில் மூழ்குபவன் பற்றிப் பிடித்து அமுக்குவதால் அவனைக் காப்பாற்ற இயலாமற் போவதை உவமையாக்குகிறார். நான்காம் பகுதியில் மூன்றாம் முறையாகக் கதவு எதிர்மறையில் நினைக்கப்படுகிறது. விடை இன்னும் கிடைக்கவில்லை; ஆயினும் அவ்விடையின்மை பூட்டிய கதவைப் போன்றதாக இல்லை; பேசாமல், ஆனால் பரிவோடு நோக்கும் பார்வையைப் போன்றதாக இருக்கிறது என்கிறார்.

இம்மூன்றையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது நூலின் முறைமை புலப்படுகிறது. பின்னர் எழுதியது முன்னர் எழுதியதைத் திருத்துகிறது. ஆனால் முன்னர் எழுதியது அழிக்கப்படுவதில்லை. இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் தம் குறிப்புகளை முதன்முறையாகத் திருப்பிப் படித்துத் திடுக்கிடுகிறார். மனைவியின் மரணத்தால் தமக்கு நேர்ந்ததையே பேசி, மனைவிக்கு நேர்ந்ததை மறந்துவிட்டதாக உணர்கிறார். இறைவனை உயிர்களை வதைத்து மகிழ்பவனாகக் கற்பனை செய்த பின், அதனை முந்தைய இரவின் அலறல் என்றும், சிந்தனை என்று அதனைக் கொள்ள இயலாது என்றும் குறிக்கிறார். அதைக் காட்டிலும் கூர்மையான தன்னாய்வு அதன் பிறகு வருகிறது. அவ்வாறு ஏசியதில் வேதனைப்படுபவனுக்குக் கிட்டும் ஒரே இன்பமாகிய திருப்பி அடிக்கும் இன்பம் தமக்குக் கிடைத்தது என்று ஒப்புக்கொள்கிறார்.

நூலின் உணர்ச்சி நேர்மை இங்குதான் முழுமை பெறுகிறது என்று நாம் கருதுகிறோம். கோபத்தைக் கூறுவது அதன் முதற்படி. அக்கோபத்தில் இருந்த இன்பத்தையும் கண்டு கூறுவது இரண்டாம் படி. முதற்படியோடு நின்றால் எழுத்து ஆவேசமாக முடியும். முதற்படியை அழித்துவிட்டு இரண்டாம் படியை மட்டும் காட்டினால் அது உபதேசமாகிவிடும். லூயிஸ் இரண்டையும் பக்கத்துக்குப் பக்கம் நிற்கவிடுகிறார். துயரத்தை ஒரு நிலையாகக் கருதி வரைபடம் தீட்ட எண்ணியதாகவும், அது நிகழ்ந்துகொண்டே இருப்பதாகலின் அதற்கு வரலாறே தேவை என உணர்ந்ததாகவும் அவர் இறுதியில் கூறுவது இம்முறைமைக்கு அவர் தாமே தரும் விளக்கமாகும்.

கேட்போர்: படர்க்கையும் முன்னிலையும்

விவிலியத்தின் சங்கீத நூலில் 150 பாடல்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீட்டுப் பாடல்கள் என்பது அறிஞர் பலரின் கணிப்பு. இறைவன் தன்னைக் கைவிட்டது ஏன் என்ற வினாவோடு தொடங்குகிறது 22ஆம் சங்கீதம். சிலுவையில் இயேசு உரைத்ததாக மாற்கு நற்செய்தி குறிப்பதும் அவ்வினாவே. பெரும்பாலான முறையீடுகள் இறுதியில் புகழ்ச்சியாக மாறுகின்றன. 88ஆம் சங்கீதமோ இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதனை நீக்காமல் வழிபாட்டு நூலுக்குள் வைத்திருப்பது, தீராத துயரத்திற்கும் தொழுகையில் இடமுண்டு என்று முன்னோர் கருதியதையே காட்டுகிறது.

இப்பாடல்களின் இலக்கண அமைப்பு கவனிக்கத்தக்கது. குற்றச்சாட்டு எவ்வளவு கடுமையாயினும் அது பெரும்பாலும் முன்னிலையில் நிகழ்கிறது. யோபு நூலிலும் இவ்வேறுபாடு உண்டு. நண்பர்கள் இறைவனைப் பற்றிப் பேசுகின்றனர். யோபு இறைவனோடும் பேசுகிறார். முடிவில் இறைவன் சினங்கொள்வது தம்மைத் தற்காத்துப் பேசிய நண்பர்கள் மீதுதான். வழக்காடிய யோபுவே சரியானதைப் பேசியதாகத் தீர்ப்பு வருகிறது. வால்டர் புரூகமன் 1986இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றில், முறையீட்டை இழந்த வழிபாட்டில் மனிதன் இறைவனோடு மெய்யாக உறவாடும் தகுதியையும் இழக்கிறான் என்று வாதிட்டார். இவ்விலக்கண வேறுபாடு அவ்வாதத்திற்கு வலுவூட்டுகிறது.

லூயிஸ் 1958இல் சங்கீதங்களைப் பற்றித் தனிநூலே எழுதியவர். அதில் சாபப் பாடல்களுக்கும் புகழ்ச்சிக்கும் மரணம் பற்றிய கருத்துகளுக்கும் தனி அதிகாரங்கள் உண்டு. முறையீட்டுக்கெனத் தனி அதிகாரம் இல்லை. ஈராண்டுகள் கழித்துத் தாமே முறையிட நேர்ந்தபோது, அவருடைய முதற்குறிப்புகள் பெரும்பாலும் படர்க்கையிலேயே அமைகின்றன. இறைவன் எங்கே, அவன் எத்தகையவன் என்று வினவுகிறாரேயன்றி, இறைவனை நேரே விளிப்பது ஓரிரு கூக்குரல்களாக மட்டுமே வெளிப்படுகிறது. நான்காம் பகுதியில் இந்நிலை மாறுகிறது. மனைவியை மீண்டும் காண்பது பொருட்டன்று என்னும் அளவுக்கு இறைவனை நேசித்தாலன்றி அவரைக் காண முடியாதோ, இவைதாம் உம்முடைய நிபந்தனைகளோ என்று ஆண்டவரை நோக்கியே வினா எழுப்புகிறார். வினாவின் கூர்மை மழுங்கவில்லை, கேட்போர் மாறியிருக்கிறார். அலறல் செபமாக மாறும் இடம் இதுவே எனலாம்.

நம் சங்க மரபோடு ஒப்புநோக்கும்போது இவ்வேறுபாடு மேலும் தெளிவாகிறது. மனைவியை இழந்த கணவனின் நிலையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் தபுதார நிலை என்று காஞ்சித் திணைக்குள் அடக்குகிறது. புறநானூற்றின் 245ஆம் பாட்டில், சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை, தேவி ஈமத்தீயில் கிடக்கத் தான் இன்னும் உயிரோடிருப்பதை எண்ணி, தன்னைக் கொல்ல இயலாத இத்துயரம் எவ்வளவு சிறியது என்று நொந்துகொள்கிறான். ஆறுதலோ சமாதானமோ அப்பாட்டில் இல்லை. உலகின் இயல்பை நோக்கிய வியப்போடு அது முடிகிறது. நேர்மையில் அது லூயிசின் எழுத்துக்குச் சற்றும் குறைந்ததன்று. ஆனால் அங்கு விடை கூறக் கடமைப்பட்டவர் எவரும் இல்லை. கிறித்துவ முறையீட்டிலோ அன்புடையவன் என்று நம்பப்படும் ஒருவன் எதிரே இருக்கிறான். அதனால்தான் அங்குத் துயரத்தோடு வழக்கும் சேர்ந்துவிடுகிறது.

இரு மறுப்புகள்

இந்நூலைக் கடுமையாக மதிப்பிட்டவர்களுள் ஜான் பெவர்ஸ்லூயிஸ் குறிப்பிடத்தக்கவர். இறைவனின் நன்மை மனிதர் அறிந்த நன்மையோடு தொடர்புடையது என்று முன்னர் வாதிட்ட லூயிஸ், இறைவன் செய்வதெல்லாம் நன்மையே என்ற நிலைக்கு இந்நூலில் நழுவிவிட்டார் என்பது 1985ஆம் ஆண்டு நூலில் அவர் முன்வைத்த வாதமாகும். இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. இறைவன் நல்லவனா என்ற வினாவிற்கு நான்காம் பகுதி தருக்க நிலையில் விடை கூறவில்லை என்பது உண்மை. நம் வினாக்களுள் பல, மஞ்சள் நிறம் சதுரமா வட்டமா என்பது போன்று விடைகூற இயலாதவையாக இருக்கலாம் என்று கூறி அவர் ஒதுங்குவது, தருக்க அறிஞரிடம் நாம் எதிர்பார்க்கும் விடையன்று.

எனினும், நூல் எதனைச் சரிந்ததாகக் காட்டுகிறது என்பதை நோக்க வேண்டும். தம் நம்பிக்கை ஒரே அடியில் சரிந்ததெனில் அது சீட்டுக்கட்டு வீடாகவே இருந்திருக்கும் என்று லூயிஸ் தாமே கூறுகிறார். இக்கருத்தை மனைவியின் நினைவுக்கும் விரிக்கிறார். இறந்து ஒரு மாதம் ஆகுமுன்னரே, தம் நினைவிலுள்ள மனைவி தாம் விரும்பியவாறு திரிபடைந்து, பனித்துகள் படிந்த உருவம்போல் மறைவதைக் கண்டு அஞ்சுகிறார். உயிருள்ள மனைவி தம் எண்ணங்களை மறுத்துரைத்தவர். நினைவுப் படிமமோ மறுப்பதில்லை. இறைவனைப் பற்றிய படிமமும் அத்தகையதே, அதுவும் உடைபட வேண்டியதே என்ற முடிவுக்கு இவ்வழியில்தான் வருகிறார். பெவர்ஸ்லூயிஸ் விடையைத் தேடும் இடத்தில் லூயிஸ் படிமத்தைச் சோதித்துக்கொண்டிருக்கிறார். விடையில்லாத இடத்தில் விடை இருப்பதாக அவர் காட்டிக்கொள்ளவில்லை.

நமக்குள்ள மறுப்பு வேறு வகையானது. இந்நூலில் மனைவியின் குரல் மிக அரிதாகவே கேட்கிறது. நோயுற்றவரும் இறந்தவரும் அவரே, பேசுபவரோ கணவர். இக்குறையை நூலின் இறுதி ஓரளவு ஈடுசெய்கிறது. தாம் இறைவனோடு சமாதானமாக இருப்பதாக ஜாய் கூறியது மருத்துவமனைக் குருவானவரிடம், கணவரிடம் அன்று. அவர் புன்னகைத்தார், அப்புன்னகையும் தமக்குரியதன்று என்று லூயிஸ் பதிவு செய்கிறார். அதன் பின் தாந்தேயின் இத்தாலியச் சொற்களோடு நூல் முடிகிறது. தம்மைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஒளியின் ஊற்றை நோக்கித் திரும்பிய பியாத்ரிசை அச்சொற்கள் நினைவூட்டுகின்றன. சொந்தச் சொற்களை விட்டு மேற்கோளில் அடைக்கலம் புகுவது தப்பித்தல் என்று கருதலாம். நமக்கோ, மனைவியைத் தமக்கே உரியவராக வைத்துக்கொள்ளும் உரிமையைத் துறக்கும் செயலாகவே அது தோன்றுகிறது.

முடிவுரை

கூற்று, காலம், கேட்போர் ஆகிய மூன்றும் நடைமுறைக்குரிய ஒரு கருத்துக்கும் நம்மை இட்டுச்செல்கின்றன. 'உன் தேவையின் வெறியே கதவை மூடியது' என்ற கருத்தை லூயிஸ் தம்மைக் குறித்து, மூன்றாம் குறிப்பேட்டில், அலறித் தீர்த்த பின்னர் கூறுகிறார். அதே கருத்தை ஆறுதல் கூற வந்த ஒருவர் இழவு வீட்டில் முதல் நாளே கூறுவாராயின் அது கொடுமையாகும். சொல் மாறவில்லை, கூறுபவரும் காலமும் மாறிவிட்டன. நம்பிக்கையற்ற பிறரைப் போலத் துக்கியாதீர்கள் என்னும் பொருள்பட அமைந்த பவுலின் அறிவுரை கூட, இறந்தவரைக் காட்டிலும் இறைவனை அதிகம் நேசிப்பவர்க்கே ஆறுதலாகும் என்று லூயிஸ் தயங்காமல் எழுதுகிறார். பவுல் துக்கத்தைத் தடுக்கவில்லை என்பதையும், லாசருவின் கல்லறையருகே இயேசு கண்ணீர் விட்டார் என்பதையும் மறந்து அவ்வசனத்தைக் கையாளும்போது, யோபுவின் நண்பர்கள் செய்ததையே நாமும் செய்தவர்களாகிறோம்.

சமய இலக்கியத்தைக் கற்பிப்போர்க்கும் இதில் பாடம் உண்டு. ஒரு பாடலிலோ குறிப்பிலோ ஐயமும் சினமும் தென்படும்போது, அதற்கு அடுத்த செய்யுளில் வரும் அமைதியைக் காட்டி அவற்றை விரைந்து கடந்துவிடுகிறோம். அமைதி பிறந்தது உண்மை. ஆனால் ஐயத்தை எழுதிய கை அதனை அழிக்காமல் விட்டுவைத்திருக்கிறது. அவ்வரியை மாணவர்கள் அமைதிக்கு முன்னுரையாகக் கருதாமல் அதற்குரிய இடத்திலேயே நிறுத்திப் படிக்குமாறு செய்வது ஆசிரியர் கடன். எழுதியவர் காத்த நேர்மையை வாசிப்பவரும் காக்க வேண்டுமல்லவா?